இரண்டு அடுப்புக்கு நடுவில் ஒரு சுவர்

ஊரில் எல்லோரும் அவரை ஈரம் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் காரியமாக உள்ளங்கையைச் சுவரில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நிற்பார். பிறகு ஒரு வார்த்தை சொல்வார். பெரும்பாலும் அதே வார்த்தை. உட்காருங்கள் என்று சொல்ல வந்த வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டதும் உட்காரச் சொல்ல மறந்துபோவார்கள்.

மண்சுவர் வைப்பது அவர் தொழில். அந்த ஊரில் பாதி வீடுகளை அவர் வைத்தார், மீதியை அவருடைய அப்பா வைத்தார்.

அந்தப் பக்கத்தில் மரம் கிடையாது. காற்று இருந்தது, குளிர் இருந்தது, கண்ணுக்கு எட்டிய தூரம் வயல் இருந்தது. விறகு வேண்டுமென்றால் மலைக்கு அப்பாலிருந்து மாட்டு வண்டியில் வரவேண்டும். அடுப்பில் எரிந்ததெல்லாம் அறுப்பு முடிந்த வயலில் பொறுக்கிய தட்டை, சாண வறட்டி, வெள்ளத்தில் ஆறு அடித்துக்கொண்டு வந்த சுள்ளி. ஒரு வீட்டுக்குச் செங்கல் சுடுவதென்றால் தெரு முழுக்க ஒரு வருஷம் பச்சையாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். ஆகவே யாரும் செங்கல் சுடவில்லை. களிமண்ணில் வைக்கோலை வெட்டிப் போட்டு மிதித்து, அச்சில் அறுத்து, வெயிலில் காயவைத்த பச்சைக்கல்தான் சுவர். ஓடும் சுடவேண்டிய பொருள்தான் என்பதால் கூரையும் புல். ஒரு வீட்டில் சுட்டது என்று சொல்ல இருந்தது சட்டிபானை மட்டும்.

அறையின் அகலத்தைக்கூட யாரும் யோசித்து முடிவு செய்யவில்லை. மலைக்கு அப்பாலிருந்து உத்திரம் ஏற்றிவரும் வண்டி தெருமுனையில் திரும்ப வேண்டும். திரும்பும்போது எந்த வீட்டுச் சுவரையும் இடிக்காமல் வரக்கூடிய நீளம்தான் உத்திரத்தின் நீளம். அதுதான் எல்லா வீட்டிலும் எல்லா அறைக்கும் அகலம். உயரமும் அப்படியே. கூரை உயர்ந்தால் சூடு மேலே போய்விடும், கீழே இருக்கிறவர்களுக்குப் புகைதான் மிஞ்சும். அதனால் தாழ்வாகவே கட்டினார்கள். பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளையின் உயரத்தை விசாரித்துவிட்டு தங்கள் வீட்டு நிலையின் உயரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் அடுப்பு. வீடு கட்ட நினைப்பவர் முதலில் மனை தேடுவதில்லை. முதுகு சாய்க்க இன்னொருவரின் அடுப்பைத் தேடுவார். இரண்டு வீடுகள் முதுகோடு முதுகாக நிற்கும். நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. ஒரு வீட்டில் மூட்டிய நெருப்பு இரண்டு சமையலறைகளையும் சூடாக்கும். தரை உறிஞ்சி மேலே ஏற்றுகிற தண்ணீரையும் அதுவே சுவரிலிருந்து துரத்தும். நெருப்பு இருக்கும்வரை பச்சைக்கல்லுக்குக் கவலை இல்லை. இரண்டு பக்கமும் அணைந்து ஒரு மழைக்காலம் போனால், அடிவரிசை மாவாகிவிடும்.

ஈரத்தின் வீட்டுக்கு முதுகு கொடுத்தது அவருடைய தங்கை வீடு.

தங்கைக்குக் கல்யாணமானதும் அவரே அந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தார். வேறு ஒருவர் அடுப்பில் போய் அவள் முதுகு சாய்ப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. ஆனால் முதுகோடு முதுகு வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. வாசல்கள் வேறு வேறு தெருவில் இருக்கும். நடுச்சுவரின் தடிமன் ஒரு முழம். வாசல் வழியாகப் போனாலோ வரிசையின் கோடி வரை நடந்து, திரும்பி, அவ்வளவு தூரம் மறுபடியும் வரவேண்டும். ஆகவே அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டதைவிடச் சுவரைத் தொட்டுக்கொண்டதுதான் அதிகம். காலையில் அவர் எழுந்து கையை வைப்பார். சூடு வந்திருந்தால் அவள் எழுந்துவிட்டாள். வராவிட்டால் அவர் முதலில் மூட்டுவார், அவள் அந்தப் பக்கம் கையை வைப்பாள். அவருடைய மனைவி இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாத அந்த வீட்டில், காலையில் அவர் பேசாமல் பேசியது அந்தச் சுவரோடுதான்.

அப்புறம் தங்கை மகளின் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை வீடு பக்கத்து ஊரில், புதிதாகக் கட்டியது. மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொரு அறையாக அழைத்துப்போய்க் காட்டினார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். கூடத்துக்கு வந்ததும் பெண்ணின் தாய்மாமன் என்ற முறையில் முன்னால் நின்ற ஈரம் வலது கையைத் தூக்கினார். தங்கை பார்த்துவிட்டாள். கண்ணால் வேண்டாம் என்றாள். கை அதற்குள் சுவரில் இருந்தது. கண்ணும் மூடியிருந்தது. பிறகு அந்த வார்த்தை வந்தது.

கல்யாணம் நடக்கத்தான் செய்தது. ஆனால் சாப்பாட்டு வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா ஈரத்துக்கு எதிரில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். பெண்ணை அனுப்பிவிட்டு வந்த அன்று தங்கை சொன்னாள், “என் பொண்ணு வாழப்போற வீட்டுல போய் உன் கையை வச்சியே. இனிமே இந்த வாசல் பக்கம் வராதே.”

அந்தச் சுவர் நிஜமாகவே ஈரமாகத்தான் இருந்தது என்று அவர் வழியெல்லாம் மச்சானிடம் சொல்லிக்கொண்டு வந்தது விஷயத்தை இன்னும் கெடுத்தது. தங்கையின் கணவர் நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் படும். அன்றைக்கும் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

பேச்சு நின்றது. சுவர் நிற்கவில்லை. காலையில் சூடு வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை கையை வைத்தார், சூடு இல்லை. சரி, தூங்கட்டும் என்று அவரே மூட்டினார். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் அடுப்பை மூட்டாமல் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். பாத்திரச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது, முன் அறையிலிருந்து வருவது போல. ஆள் இருக்கிறாள். நெருப்புதான் இல்லை.

இரண்டு தெருவுக்கும் பால் ஊற்றுகிறவர் ஒருவரே. ஒரு வீட்டுச் சேதியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதில் அவருக்கு ஆசை உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார். கேட்காமல் சொன்னால் கோள் சொன்னதாகிவிடும் என்பது அவர் கட்சி. ஈரம் பால் செம்பை நீட்டிக்கொண்டே, அந்தத் தெருவில் எல்லோரும் நலமா என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் நலம், உங்கள் தங்கை வீட்டில் கேஸ் அடுப்பு வந்திருக்கிறது, முன் அறையில் மேடை போட்டு வைத்திருக்கிறார்கள், நீல நெருப்பு, புகையே இல்லை என்றார் பால்காரர். ஏன் திடீரென்று என்று அவர் கேட்கவில்லை. பால்காரரும் சொல்லவில்லை.

அன்று முழுக்க ஈரத்துக்கு வேலை ஓடவில்லை. கேஸ் அடுப்பைப் பற்றி அவருக்குத் தெரியும். பாத்திரத்தைத் தவிர வேறு எதையும் அது சூடாக்காது. அதுவும் முன் அறையில் வைத்தால், நடுச்சுவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இத்தனை வருஷம் இரண்டு பேர் காப்பாற்றிய சுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவர் தலையில் கட்டிவிட்டாள். கோபத்தில் இருக்கும்போது மனம் கணக்காகக் குற்றங்களை எடுத்துவைக்கும். அவருக்கும் எடுத்துவைத்தது. அண்ணன் சூடு வேண்டாம் என்கிறாள், வேறென்ன?

மறுநாள் அவரும் அடுப்பு மூட்டவில்லை. கடைத்தெருவில் போய்ச் சாப்பிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். வீட்டுக்கு வந்தால் இரண்டு போர்வையாகப் போர்த்திக்கொண்டார். சுவர் வைக்கிறவருக்குத் தான் செய்வது என்ன என்று தெரியாமலில்லை. வெயில் அடிக்கிறது, ஒன்றும் ஆகாது, அவள் வந்து கேட்கட்டும் என்று இருந்தார். சுவரில் கை வைப்பதையும் நிறுத்தினார். கை வைத்தால் தெரிந்துவிடுமே.

மழை பிடித்துக்கொண்டது. முன்கூட்டியே வந்த மழை. வயல் வெள்ளக்காடாகி, தெருவில் தண்ணீர் நின்றது. விட்டுவிட்டுப் பெய்து, விடாமல் பெய்து, பிறகு பெய்கிறதா நின்றதா என்று தெரியாத தூறலாகி, அப்படியே பல நாள். ஈரம் டீக்கடைக்குக் குடை பிடித்துக்கொண்டு போய்வந்தார்.

ஒரு காலை பால்காரர் நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் ஒதுங்கினார். அவரைப் பார்த்து, என்ன நீங்கள் இங்கே, குழந்தையைப் பார்க்கப் போகவில்லையா என்றார்.

எந்தக் குழந்தை என்று கேட்டார் ஈரம்.

பால்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். கேட்டாகிவிட்டது, இனி சொல்லலாம். தங்கை மகள் பிரசவத்துக்கு வந்து மாதக்கணக்காகிறது, பெண் குழந்தை, புகை ஆகாது என்றுதான் கேஸ் அடுப்பே வாங்கினார்கள். அப்படியானால் குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று பால்காரரே ஒரு நாள் அந்த வீட்டில் கேட்டாராம். உங்கள் தங்கை பழைய அடுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொட்டில் கட்டப்போவதாகச் சொன்னாராம்.

“சுவருக்கு அந்தப் பக்கம் எங்க அண்ணன் அடுப்பு இருக்கு, அது போதும் குழந்தைக்குன்னு சொன்னாங்க” என்றார் பால்காரர்.

டீ வாயில் இருந்தது. அதை விழுங்கினாரா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

குடையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நேராகச் சமையலறை. உள்ளங்கையை வைத்தார். சுவர் குளிர்ந்திருந்தது. கையை எடுத்தபோது கையோடு மண் வந்தது. இன்னும் கீழே, அடிவரிசையில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. வெண்ணெயில் போவது போல.

தூக்குக்குண்டை எடுத்து, சுவர் உச்சியிலிருந்து நூலை விட்டார். மேலே நூல் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நூலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி. சுவர் இந்தப் பக்கம் குழிந்திருந்தது. அப்படியானால் அந்தப் பக்கம் வயிறு தள்ளியிருக்கிறது. விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழும். அந்தப் பக்கம் தொட்டில்.

சுவரில் தட்டிக் கூப்பிடலாம் என்று கை உயர்ந்தது. உயர்ந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். தட்டினால் அதற்கே விழலாம். உரக்கக் கத்தினார். வெளியே மழை போட்ட இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஒரு முழம் தூரத்தில் இருக்கும் குழந்தையிடம் போக அவர் தெரு முழுக்க ஓடினார். முழங்கால் வரை தண்ணீர். கோடியில் திரும்பும்போது வழுக்கி, வண்டிகள் இடிக்காமல் திரும்பிய அந்த மூலை வீட்டுச் சுவரில் தோளை இடித்துக்கொண்டார். வீடுகளை எண்ண வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, எல்லாம் அவரோ அவருடைய அப்பாவோ வைத்தவை. இருந்தும் வரிசை நீண்டுகொண்டே போனது. இவ்வளவு வீடுகளை ஏன் ஒட்டி ஒட்டி வைத்தோம், நடுவில் ஒரு சந்து விட்டிருக்கக் கூடாதா என்று முதல் முறையாக அவருக்குத் தோன்றியது. சந்து விட்டால் காற்று வரும், சூடு போகும், அதனால்தான் விடவில்லை என்று ஓடிக்கொண்டே பதிலும் சொல்லிக்கொண்டார்.

வாசல் திறந்திருந்தது. வராதே என்று சொன்ன வாசல். ஈரக்காலோடு உள்ளே ஏறி, முன் அறையைத் தாண்டி, சமையலறை நிலையில் வழக்கமாகக் குனிவதை மறந்து தலையை இடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

சுவர் இருந்தது, வயிறு தள்ளி, கர்ப்பிணி போல. அதற்கு எதிரே ஒன்றுமில்லை. தொட்டில் இல்லை, பாய் இல்லை, ஒரு சட்டிகூட இல்லை. உத்திரத்தில் தொட்டில் கயிறு உராய்ந்த தடம் மட்டும் இருந்தது. சுவரின் வயிற்றில் பழைய கதவு ஒன்றைச் சாய்த்து, இரண்டு உலக்கைகளை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. “அங்க போகாதே அண்ணே. விழப்போகுது.”

திரும்பினார். முன் அறையில், அவர் இப்போதுதான் தாண்டி வந்த இடத்தில், தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தங்கை மகள் உட்கார்ந்து அவரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்குள் ஒரு சிறிய முஷ்டி மட்டும் தெரிந்தது. அது ஒருமுறை விரிந்து மூடியது.

ஈரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

தங்கை ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் தலைமேல் போட்டாள். துவட்டிவிடவில்லை, போட்டாள், அவ்வளவுதான். பிறகு பேச ஆரம்பித்தாள். தினமும் காலையில் எழுந்ததும் குழந்தையைத் தொடுவதற்கு முன் சுவரைத்தான் தொடுவாளாம். சூடு வராத அன்றைக்கே தொட்டிலை அவிழ்த்து முன்னால் கொண்டுவந்து கட்டியிருக்கிறாள். அண்ணன் அடுப்பு இன்றைக்கும் எரியவில்லை, நாளைக்கும் எரியாது என்று உட்கார்ந்துவிட்டாளாம்.

“நீ போயிட்டேன்னு நினைச்சேன்” என்றாள்.

“எங்கே?”

“எங்கேன்னா? ஒரேயடியாத்தான்.”

அழுதுகொண்டே கணவரை அனுப்பியிருக்கிறாள். மச்சான் சாவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு தெருவைச் சுற்றிப் போயிருக்கிறார். வழியில் டீக்கடை. அங்கே ஈரம் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, யாருக்கோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிரில் தட்டு நிறைய பலகாரம். மச்சான் திரும்பி வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறார்.

அதைச் சொன்னபோது மச்சான் அறை மூலையில் நின்று ஒப்புக்கொள்வதுபோல் தலையாட்டினார். “நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க மச்சான். அதைக் கெடுக்க வேண்டாம்னு வந்துட்டேன்.”

“செத்துட்டேன்னு வந்தவன், உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்காம போனியா?”

“உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லையே. நான் எந்தப் பக்கத்துலேர்ந்து கேக்கறது?”

தங்கை மகள்தான் முதலில் சிரித்தாள். குழந்தை விழித்துக்கொள்ளும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. சாகாதவனுக்கு அழுத கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. சுவர் மெத்தென்று ஆவது அவளுக்கும் தெரிந்திருந்தது. அண்ணன் கை வைத்துப் பார்க்காமலா இருப்பான், தெரிந்தால் வருவான் என்று அவளும் காத்திருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அது கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உலக்கையால் முட்டுக் கொடுத்தது யார் என்று அவர் கேட்டார். தங்கைதான். அப்பா வேலை செய்யும் இடத்தில் அவளும்தான் வளர்ந்தாள்.

மழை விட்ட பிறகு சுவரை இறக்கினார்கள். விழவிடவில்லை. கூரையைத் தாங்க இரண்டு பக்கமும் கால் நட்டுவிட்டு, உச்சியிலிருந்து வரிசை வரிசையாக அவரே எடுத்தார். மேல்வரிசைக் கற்கள் நன்றாகவே இருந்தன. அப்பா அறுத்த அச்சில் அறுத்தவை. அவற்றைக் கொல்லையில் கொட்டச் சொன்னார். மச்சான் தயங்கினார். இதைக் கொண்டே மறுபடியும் வைக்கலாமே என்றார்.

“வச்சா யாரு அடுப்பு மூட்டறது?” என்றார் ஈரம். “இந்த வீட்டுல குழந்தை. அந்த வீட்டுல நான். எனக்கும் வயசாகுது மச்சான். ஒரு நாள் உடம்பு முடியாம படுத்துட்டேன்னா சுவரும் படுத்துக்கும்.”

சுட்ட செங்கல் வந்தது. எங்கோ தூரத்தில் நிலக்கரி போட்டுச் சுட்டு, லாரியில் ஏற்றி, தெருமுனையில் திரும்ப முடியாமல் அங்கேயே இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கிருந்து எல்லோரும் சுமந்தார்கள். பால்காரர்கூட இரண்டு நடை சுமந்தார், சுமந்துகொண்டே யார் வீட்டுக்கு என்ன சுவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்.

ஈரம் வாழ்நாளில் சுட்ட கல் வைத்தது அதுதான் முதல் தடவை. கல்லைக் கையில் எடுத்து இன்னொரு கல்லோடு தட்டினார். கணீர் என்றது. மண்சுவரில் அந்தச் சத்தம் இல்லை. சுவர் பழையதைவிடப் பாதித் தடிமன்தான் வந்தது. இரண்டு சமையலறையிலும் கொஞ்சம் இடம் கூடியது. வேலை நடந்த நாட்களில் இரண்டு வீடும் ஒரே வீடாகக் கிடந்தன. அண்ணன் இந்தப் பக்கம் கல் வைக்க, அந்தப் பக்கம் தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, வரிசை கோணலாக இருக்கிறது என்றாள். இல்லை என்று நூல் பிடித்துக் காட்டினார். குழந்தையைக் கொஞ்சம் என்னிடம் கொடு என்றார். கை மண்ணைக் கழுவிவிட்டு வா என்றாள்.

சுவர் ஏறி முடிந்தது. அண்ணன் வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வாங்கியாயிற்று. இனி அந்தச் சுவருக்கு யாருடைய நெருப்பும் வேண்டாம். யாரும் தூங்கலாம், யாரும் சண்டை போடலாம், அது பாட்டுக்கு நிற்கும். அன்றைக்கு ஈரம் நன்றாக விடியும்வரை தூங்கினார். எழுந்ததும் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் கை போயிற்று. பிறகுதான் செய்யவேண்டிய வேலை ஞாபகம் வந்து, ஒரு வாளியில் தண்ணீரும் கையில் குவளையுமாக வந்து நின்றார். சிமெண்ட் இறுகும்வரை சுவரைக் காயவிடக் கூடாது, காலையும் மாலையும் நனைக்க வேண்டும் என்று செங்கல் கொண்டுவந்த லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

உச்சியிலிருந்து ஊற்றினார். தண்ணீர் சுவர் முழுக்க வழிந்து தரையில் ஓடியது. அந்தப் பக்கமும் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டது. கூரையை ஒட்டி இன்னும் பூசாமல் விட்டிருந்த இடைவெளி வழியாகத் தங்கையின் குரல் வந்தது. எழுந்துவிட்டாயா என்று கேட்கவில்லை.

“கை வச்சுப் பாரு அண்ணே. போதுமான்னு சொல்லு.”

அவர் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொள்ள மறந்துவிட்டது.

“இன்னும் ஊத்து” என்றார்.